சித்திரைப் பால், தை மாதக் கணக்கு

அன்புள்ள ஐயா,

தாராபுரம் பக்கம் மூன்று ஜெர்சிக் கலப்பு மாடுகள் வைத்திருக்கிறோம். வீட்டில் இரண்டு பேர்தான் வேலைக்கு. மாசி வரை வேளைக்கு ஐந்து லிட்டர் கறந்த மாடு சித்திரையில் மூன்றுக்கு இறங்கிவிடுகிறது. அந்தச் சமயத்தில் மூன்று தடவை சினை ஊசி போட்டாலும் சினை நிற்பதில்லை. ஐப்பசியில் மழை பெய்து பச்சை கிடைத்ததும் பால் கூடுகிறது. ஆனால் பால் சொசைட்டியில் கொழுப்பு இல்லை என்று விலையைக் குறைக்கிறார்கள், தண்ணீர் கலந்தோமா என்றும் பார்வை. மாட்டுச் சாளையில் புகைபோலத் தண்ணீர் தெளிக்கும் குழாய் போட்டால் கோடையைத் தாண்டிவிடலாம் என்கிறார்கள். போடலாமா?

ர., தாராபுரம் வட்டம்

அன்புள்ள ர.,

குழாய்க்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், உங்கள் மாடுகள் எந்த மாதம் ஈனுகின்றன என்று எழுதவே இல்லையே? கோடைப் பாலின் பாதிக் கணக்கு அதில்தான் இருக்கிறது.

சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். தை முதல் வாரத்தில் ஊசி நின்றால் ஐப்பசியில் கன்று விழும். ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்கு வரும். அப்போது கார்த்திகை கடைசி: குளிர்ச்சியும் உண்டு, பச்சையும் உண்டு. ஈன்ற 60 முதல் 90 நாளில் அடுத்த ஊசி என்றால் மறுபடி மார்கழி, தை. சித்திரை வெயில் வரும்போது மாடு மூன்று மாதச் சினை, கறவையில் ஆறாம் மாதம். பால் தானாகவே இறங்கும் காலம் அது. வெயில் பறிப்பதற்கு அதிகம் இருக்காது. ஆவணி முதல் வாரத்தில் கறவையை வற்றவிட்டால் மடிக்கு அறுபது நாள் ஓய்வும் கிடைத்துவிடும்.

மூன்றையும் ஒரே மாதத்தில் ஈனவைத்தால் வீட்டுச் செலவுக்குக் கை கடிக்கும். இரண்டைத் தையில் சினைப்படுத்துங்கள். மூன்றாவதைப் புரட்டாசியில் சினைப்படுத்தினால் ஆனி கடைசியிலோ ஆடி முதலிலோ ஈனும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் வீசும் நாட்கள் அவை. தாராபுரத்துக்கு இது சரி. தஞ்சாவூர்க்காரர் கேட்டால் வேறு மாதம் சொல்ல வேண்டியிருக்கும்.

சித்திரையில் ஊசி நிற்காததற்குக் காரணம் ஊசியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வெயிலில் பருவ அறிகுறி மங்கும், நேரம் சுருங்கும், பெரும்பாலும் இரவில் வந்துபோகும். நின்ற கருவும் முதல் வாரத்திலேயே உடல் சூட்டில் அழியக்கூடும். அதிகாலை ஐந்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஒரு நடை சாளைக்குப் போய் வாருங்கள். பின்பக்கம் கண்ணாடிபோல் வழும்பு தொங்குகிறதா, காரணமில்லாமல் கத்துகிறதா, அந்த வேளைப் பால் குறைந்ததா என்று பாருங்கள். காலையில் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில். தேதியைச் சுவரில் எழுதி 21ஆம் நாள் திரும்பப் பாருங்கள். குளிர்ந்த மாதத்திலும் மூன்று ஊசி தவறினால் நாள் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் கருப்பையைக் காட்டுங்கள்.

தீவனத்தையும் தையிலேயே எண்ண வேண்டும். கொரங்காட்டில், அதாவது உங்கள் பக்கத்து வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல் மாசியோடு காய்ந்துவிடும். பிறகு வெள்வேலங்காய் கொஞ்சம் கைகொடுக்கும். அதை நம்பிக் கறவை மாட்டை நிறுத்த முடியாது. மாட்டுக்கு நாளைக்குப் பதினைந்து கிலோ ஊறுகாய்ப் புல் (குழியில் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனம்) என்றால் மூன்று மாட்டுக்குத் தொண்ணூறு நாளில் நாலு டன். நாலு மீட்டர் நீளம், இரண்டு அகலம், ஒன்று ஆழம் உள்ள குழி போதும். சோளமோ மக்காச்சோளமோ கதிர் பால்பிடித்து இறுகும் பக்குவத்தில் அறுத்து, ஒரு அங்குலத் துண்டாக நறுக்கி, அடுக்கடுக்காக மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி மண் போட்டு 45 நாள் விடுங்கள். நறுக்கியதைக் கைப்பிடியாக இறுக்கினால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், சொட்டக்கூடாது. சொட்டினால் அழுகும். உதிர்ந்தால் காற்று நின்று பூஞ்சை பிடிக்கும்.

குழிக்கு வழியில்லையென்றால் வைக்கோலை யூரியாவில் பதப்படுத்துங்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீர். நன்றாகக் கரைத்து, சீராகத் தெளித்து, மிதித்து, 21 நாள் மூடிவையுங்கள். எடுத்ததும் அரைமணி நேரம் காற்றாட விட்டுப் போடுங்கள். கன்றுக்கு வேண்டாம். கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் வைத்தால் உயிரே போய்விடும்.

சோளத்தில் இன்னொரு ஆபத்து. வறட்சியில் வாடிய இளம்பயிரிலும், அறுத்த கட்டையிலிருந்து முதல் மழைக்குத் துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். பூத்த பிறகே பச்சையாக அறுங்கள். மேய்ந்து சற்று நேரத்தில் மாடு மூச்சு வாங்கித் தள்ளாடினால் கைவைத்தியம் பார்க்க நேரமில்லை.

இனி ஐப்பசிக் கொழுப்பு. நார் வயிற்றில் புளித்துக் கிடைக்கும் அமிலத்திலிருந்துதான் பாலின் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி உருவாகிறது. மழைக்குத் துளிர்த்த புல்லில் தண்ணீர் அதிகம், நார் குறைவு. அசைபோடுவதும் குறையும். ஆகவே பச்சைக்கு அவிழ்க்குமுன் இரண்டு மூன்று கிலோ சோளத்தட்டோ வைக்கோலோ தின்னவிடுங்கள், வயிறு உப்பாமலும் காக்கும். தண்ணீர் கலந்தால் கொழுப்போடு இதர திடச்சத்தும் சேர்ந்து இறங்கும். இளம்புல்லால் இறங்குவது பெரும்பாலும் கொழுப்பு மட்டுமே. ரசீதில் இரண்டு எண்ணையும் பாருங்கள்: பசும்பாலுக்குச் சட்டப்படி கொழுப்பு 3.2, இதர திடச்சத்து 8.3 சதவீதமாவது வேண்டும். இன்னொன்று, கறவையின் கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். கன்றுக்குக் கடைசிப் பாலை விடுகிறவர்கள் கொழுப்பைக் கன்றுக்கும் தண்ணிப்பாலைச் சொசைட்டிக்கும் கொடுக்கிறார்கள். கன்றின் பங்கை முதலிலேயே ஊட்டிவிட்டுக் கடைசிவரை ஒட்டக் கறங்கள். சொசைட்டியில் சோதனைக்கு எடுக்குமுன் கேனை நன்றாகக் கலக்கச் சொல்லவும் தயங்காதீர்கள்.

தை என்றதும் மாட்டுப் பொங்கலும் நினைவுக்கு வருகிறது. அன்று ஆசையாக வாளிப் பொங்கல் வைக்கிற வீடுகளில் மறுநாள் மாடு எழுந்திருக்காது. சோற்று மாவு வயிற்றில் ஒரேயடியாகப் புளித்து அமிலமாகிவிடும். ஒரு கைப்பிடி போதும், சாமி கோபிக்காது.

குழாய்: புகைத்தண்ணீர் காற்றோட்டமில்லாத சாளையில் ஈரத்தைத்தான் ஏற்றும், மாட்டின் சூடு வெளியேறாது. முதலில் தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேயுங்கள், அல்லது வெள்ளையடியுங்கள். தொட்டியை நிழலில் வைத்து, மாட்டுக்கு நாளைக்கு 80 முதல் 100 லிட்டர் தண்ணீர் எந்நேரமும் இருக்கும்படி செய்யுங்கள். தின்ற தீவனம் செரிக்கும்போதும் உடல் சூடு ஏறும், அதனால் பாதிக்கு மேல் தீவனத்தை மாலை ஆறுக்குப் பிறகு போடுங்கள். அடர்தீவனம் (தானியம், தவிடு, பிண்ணாக்குக் கலவை) உடம்பைத் தாங்க நாளைக்கு ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. தாது உப்புக் கலவை 50 கிராம். இதற்குப் பின்னும் மாடு நாக்கை நீட்டி மூச்சு வாங்கினால் மின்விசிறி வாங்குங்கள். முதுகு நனையும்படி பெருந்துளியாக ஒன்றிரண்டு நிமிடம் தண்ணீர் விட்டு, கால்மணி நேரம் விசிறியில் உலரவிடுங்கள். மடிவரை வழியவிட்டால் மடிநோய்க்குச் செலவழிக்க வேண்டிவரும். புகைக்குழாய் இந்த வருடம் வேண்டாம்.