அம்மா அறையில் எந்தக் காரை நிறுத்துவது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 44. ஈரோட்டில் சிறிய அளவில் சொந்தத் தொழில். அம்பாசடர், பத்மினி, கான்டசா எல்லாம் இன்றைக்கு மரியாதைக்குரிய கார்களாகிவிட்டன. அதுபோல இருபது வருடம் கழித்து ‘கிளாசிக்’ ஆகக்கூடிய கார் ஒன்றை இப்போதே வாங்கிப் பத்திரப்படுத்தி, 9 வயதாகும் என் மகனுக்குக் கொடுக்க ஆசை. கையில் 12 லட்சம் இருக்கிறது. ஃபியட்டின் ஆபார்த் புன்டோ, ஃபோக்ஸ்வாகனின் போலோ ஜிடி, ஸ்கோடாவின் ஆக்டேவியா ஆர்எஸ் மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். ஹோண்டா சிவிக்கும் பிடிக்கும்; ஆனால் தாழ்வான கார், அம்மாவுக்கு முட்டி வலி, குனிந்து ஏற முடியாது என்பதால் அடித்துவிட்டேன். நண்பர் ஒருவர் நானோ வாங்கு என்கிறார், சிரிப்புத்தான் வருகிறது. நிறுத்த இடம் பிரச்சினை இல்லை. வாசலில் ஷீட் போட்ட இடத்தில் இப்போது ஓட்டும் கார் நிற்கிறது. அம்மா இருக்கும் முன் ரூமை ஷட்டர் போட்டு மாற்றிவிடலாம். அவரும் மாடி ரூமுக்குப் போகச் சம்மதித்துவிட்டார். எது நல்ல முதலீடு?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: தம்பி, எந்தக் கார் கிளாசிக் ஆகும் என்று கேட்டு வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. உங்கள் கடிதத்தை மட்டும் திரும்ப ஒருமுறை படித்தேன். காரணம் கார் இல்லை, முட்டி.

சிவிக்கை அடித்ததற்கு நீங்கள் சொன்ன காரணத்தைப் படித்ததும் நல்ல பிள்ளை என்று நினைத்தேன். நாலு வரி தாண்டினால் அதே அம்மாவை மாடிக்கு அனுப்புகிறீர்கள். மாதத்துக்கு ஒருமுறை ஏறப்போகிற காருக்கு அவர் முட்டி ஞாபகம் வந்தது. தினமும் ஏறி இறங்க வேண்டிய படிக்கட்டுக்கு வரவில்லை. கடிதத்தை எழுதி முடித்துப் படித்துப் பார்க்கும்போதுகூட உங்களுக்கு உறைக்கவில்லையா?

சம்மதித்துவிட்டார் என்கிறீர்கள். எப்போது கேட்டீர்கள்? ஷட்டர்காரர் வந்து அளவெடுத்த பிறகா? நம் வீடுகளில் மகன் ஒன்றை முடிவு செய்துவிட்டு வந்து கேட்டால் மாட்டேன் என்று சொல்லும் அம்மாவை நான் பார்த்ததில்லை. “எனக்கென்ன, எங்கே படுத்தாலும் தூக்கம்தான்” என்பார்கள். அதை எடுத்துக்கொண்டு மேஸ்திரிக்கு போன் போடுவது பிள்ளை செய்கிற வேலையா? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், வீடு யார் பெயரில் இருக்கிறது? அப்பா கட்டிய வீடாக இருந்தால் இந்தக் கேள்விக்கு நீங்கள் எனக்குப் பதில் எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

மாடிக்குப் போன பெரியவர்கள் என்ன ஆகிறார்கள் என்று சொல்கிறேன். முதல் மாதம் சாப்பாட்டுக்கு இறங்கி வருவார். அப்புறம் தட்டு மேலே போகும். வாசலில் கீரைக்காரம்மாவிடம் பேசுவது நிற்கும், பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து உட்காருவது நிற்கும். வருகிறவர்கள் கீழே இருந்தபடியே “அம்மா எப்படி இருக்கு?” என்று உங்களிடம் விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில் மூத்தவர் தரைத்தளத்தில், வாசலில் யார் வந்தாலும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். இது பழைய பஞ்சாங்கம் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள், நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

சரி, கார் விஷயத்துக்கு வருவோம். அங்கேயும் உங்கள் கணக்கு தப்பு.

பத்திரப்படுத்துவதென்றால் அறைக்குள் வைத்துப் பூட்டுவது என்று நினைக்கிறீர்கள். காருக்கு வேண்டியது மேலே கூரை, சுற்றிலும் காற்றோட்டம், வாரத்துக்கு ஒரு ஓட்டம். சென்னையில் கடற்கரையை ஒட்டிக் குடியிருப்பவர் உப்புக் காற்றுக்குப் பயப்படலாம். ஈரோட்டில் உங்களுக்கு என்ன பயம்? ஷட்டர் இறக்கிய ரூமில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் காருக்கு பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அமுங்கும், பிரேக்கில் துரு பிடிக்கும், எலி வயரைக் கடிக்கும். பெட்ரோலும் முன்போல இல்லை. பங்கில் இப்போது போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நீங்கள் குறித்து வைத்திருப்பவை எல்லாம் இந்தக் கலவை நாடெங்கும் வருவதற்கு முன் செய்த கார்கள். டேங்கில் அதைத் தேக்கி வைத்து இருபது வருடம் பூட்டிவைத்தால் உங்கள் மகனுக்குக் கிடைப்பது கிளாசிக் இல்லை, பழைய இரும்பு.

ஆகவே ஷீட் போட்ட இடத்தைக் கிளாசிக்குக் கொடுங்கள். தினம் ஓட்டுகிற கார் வெளியே நின்று வெயிலில் காயட்டும். யாரையும் எங்கேயும் மாற்ற வேண்டியதில்லை. இது ஏன் உங்களுக்கு முதலில் தோன்றவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

எது கிளாசிக் ஆகும்? காசுள்ளவர்கள் பூட்டி வைத்த கார் ஆகும் என்று யார் சொன்னது? 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி கையிலிருந்து வாங்கியவர் டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங். 2010இல் அவர் காலமாகும் வரை அந்தக் காரை விற்கவில்லை. முதலீடு என்று வாங்கியிருந்தால் பாதியிலேயே தள்ளிவிட்டிருப்பார். அவருக்குப் பின் அது வாசலில் நின்று துருப்பிடித்தது; பிறகு நிறுவனமே அதைப் புதுப்பித்துத் தன் தலைமை அலுவலகத்தில் வைத்துக்கொண்டது. லட்சக்கணக்கில் விற்ற கார்தான் 800. ஆனால் சப்பை மூக்கோடு வந்த அந்த முதல் மாடலை நல்ல நிலையில் இன்று தேடிப் பாருங்கள். எல்லாரும் வைத்திருந்தார்கள், அதனாலேயே யாரும் பாதுகாக்கவில்லை.

தோற்றுப்போன காரும் ஆகும். நம் சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வெளித்தோற்றம் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. உள்ளே இருந்ததோ அதே நிறுவனத்தின் பழைய வான்கார்டு காருடைய எஞ்சினின் வாரிசு. அந்த எடையை அது இழுக்கத் திணறியது, விலையும் அதிகம். சில வருடங்களில் கதை முடிந்தது. அன்றைக்கு அதைக் கேலி செய்தவர்களின் பிள்ளைகள் இன்று ஒன்று கிடைக்குமா என்று கேட்கிறார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் நண்பர் சொன்னது புரியும். நானோவுக்குச் சிரித்தீர்களே, அதுதான் என் பதில். 2008இல் காட்டி, 2009இல் விற்பனைக்கு வந்து, 2018இல் நின்றுபோன கார். பின்பக்கம் 624 சிசி, இரண்டு சிலிண்டர் எஞ்சின். முதலில் வந்தவற்றில் ஒரே ஒரு வைப்பர், பின்பக்க டிக்கிக் கதவு திறக்காது; திறக்கும் டிக்கி 2015 மாடலில்தான் வந்தது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் போன குடும்பத்தைப் பார்த்து ரத்தன் டாட்டாவுக்குத் தோன்றிய யோசனை, ஒரு லட்சம் ரூபாய் என்ற விலை, மேற்கு வங்கத்தின் சிங்கூரில் ஆலை நிலத்துக்காக நடந்த போராட்டம், ஆலை குஜராத்தின் சனந்துக்குப் போனது, ‘மலிவான கார்’ என்ற பெயரே அதற்கு எமனானது… இத்தனை கதை உள்ள வேறு கார் இந்த நூற்றாண்டில் இந்தியாவில் இல்லை. இப்போது அதை அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறார்கள். இருபது வருடத்தில் நல்லதாக எத்தனை மிஞ்சும்? முதல் இரண்டு வருடங்களில் வந்த கார், மாற்றாத பெயின்ட், மாற்றாத சீட் கிடைத்தால் எடுங்கள். பாகங்களுக்கு இப்போதைக்குக் கஷ்டம் இல்லை, எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். கூரை உயரம் என்பதால் உங்கள் அம்மா குனிய வேண்டியதும் இல்லை.

பெரிய லாபம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். போடுகிற பணமும் பெரிதில்லை.

வேகம்தான் வேண்டும் என்றால் போலோ. ஜிடி என்று பொதுவாக எழுதிவிட்டீர்கள், அந்தப் பெயரில் பெட்ரோலும் உண்டு, டீசலும் உண்டு. 2013இல் வந்த 1.2 டிஎஸ்ஐ, அதாவது டர்போ பெட்ரோல் எஞ்சின், டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு வந்தது. ஓட்ட அருமையான கார். ஆனால் அந்த டிஎஸ்ஜியில் கியரை மாற்றிவைக்கும் மெக்கட்ரானிக்ஸ் என்ற மின்னணுப் பகுதி போனால் பர்ஸ் காலி. இருபது வருடம் வைத்திருப்பவருக்கு அது ஆகாது. ஜிடி என்ற பெயரை விட்டுவிட்டு, 2020 முதல் 1.0 டிஎஸ்ஐ எஞ்சினோடு ஆறு கியர் மேனுவலில் வந்த போலோவைத் தேடுங்கள். 2022இல் போலோ நின்றாலும் அந்த எஞ்சின் குடும்பம் அதே நிறுவனத்தின் விர்டஸ், டைகுன் கார்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் பாகத்துக்கு அலைய வேண்டாம். கியரைக் கையால் மாற்றும் பெட்ரோல் கார் குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் மகனுக்கு முப்பது வயதாகும்போது அந்தக் கியர் நெம்புகோலே ஒரு அதிசயமாக இருக்கும்.

ஆபார்த் புன்டோ 2015இல் வந்தது, 145 குதிரைத்திறன், விற்றது கொஞ்சம், நிறுவனமும் இங்கே ஃபியட் கார்களை நிறுத்திவிட்டது. அரிதாகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்களுக்கு அது தோது இல்லை என்பதிலும் சந்தேகம் இல்லை. பாகத்துக்காக ஊர் ஊராகப் போன் செய்கிற பொறுமை உள்ளவர்களின் கார் அது. இருக்கும் இடத்தை மாற்றி யோசிக்கவே பொறுமை இல்லாதவருக்கு எதற்கு? ஆக்டேவியா ஆர்எஸ் 245, 2020இல் மொத்தமே 200தான் வந்தது, விலை 36 லட்சத்தை ஒட்டி. 12 லட்சத்துக்கு ஒருவர் அதைக் கொடுத்தால் ஏன் என்று கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். அதற்கு முந்தைய பழைய ஆர்எஸ் கிடைக்கும். செலவு உங்களைத் தேடி வரும்.

இப்போது வரும் மின்சாரக் கார்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. பெரிய திரையும் சாஃப்ட்வேரும் இல்லாமல் கதவுகூடத் திறக்காத காரை இருபது வருடம் காப்பாற்றும் வழி எனக்குத் தெரிந்து இன்னும் யாரிடமும் இல்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான் ‘வின்டேஜ்’ பதிவு. அப்படிப் பதிந்ததைத் தினசரி ஓட்டவும் கூடாது, கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்குத்தான். 2015இல் பதிவான கார் அந்தத் தகுதிக்கு வர 2065 ஆகும். உங்களுக்கு எண்பது தாண்டியிருக்கும். அதுவரை அது சாதாரணப் பழைய கார்தான்: 15 வருடத்தில் ஆர்.டி.ஓ. போய்ப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் டயர், பேட்டரி, இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு. முதலீடு என்று எழுதியிருந்தீர்கள், இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சைப் பேசுங்கள்.

மகனுக்காக என்கிறீர்கள். 9 வயதுப் பையனுக்கு எல்லாம் புரியும். பாட்டி இருந்த ரூமில் கார் வந்ததையும், பாட்டி மேலே போனதையும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். உங்களுக்கு 72 ஆகும்போது அவனுக்கு 37. அவனுக்கும் ஏதாவது ஒன்று பிடித்திருக்கும், அதற்கும் ஒரு ரூம் தேவைப்படும். அன்றைக்கு அவன் உங்களிடம் வந்து கேட்பான், நீங்களும் சம்மதிப்பீர்கள்.

அவனுக்குக் கார்மேல் ஆசை வர வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவைக்குக் கூட்டிப்போங்கள். அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அம்மாவையும் அழைத்துக்கொள்ளுங்கள். அவர் கல்யாணமான புதிதில் ஏறிய கார் எது என்று அங்கே நிற்கவைத்துக் கேட்டால் நீங்களும் உங்கள் மகனும் கேட்டிராத கதை வரும்.

நானோவோ போலோவோ, பார்க்கப் போகும்போது கதவுகளின் அடிவிளிம்பையும் தரை விரிப்புக்குக் கீழேயும் துரு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். சர்வீஸ் புக்கில் கிலோமீட்டர் வரிசையாக ஏறுகிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் பேங்க் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிற்கும் காரை விட, அங்கங்கே கீறலோடு முதல் பெயின்ட் இருக்கும் கார் மேல். கடைசியாக, சாவி இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுதான் என்றால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.