நிலத்தை அடகு வைக்காதீர்கள், பையன் இயற்பியல் படிக்கட்டும்

பாளையங்கோட்டை அம்மாவுக்கு,

மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்க எந்தக் காலேஜ் நல்லது என்று கேட்டீர்கள். உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் சேர்க்க வேண்டாம் என்பதே என் பதில். சொந்தக்காரர்கள் நாலு பேர் மெச்சுவதற்காக நிலத்தை அடகு வைத்தால், வட்டி கட்டப்போவது நீங்கள்தான். அந்தப் படிப்பைப் பற்றிப் பேசியபோது பையன் வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா?

தன் நோட்டை என்னிடம் காட்டும்போதுதான் அவன் முகம் மலர்ந்தது. தாத்தாவின் ரேடியோவில் மீடியம் வேவில் எந்த நிலையம் எத்தனை மணிக்குக் கேட்கிறது என்று தேதி போட்டு எழுதியிருக்கிறான். பகலில் கிடைக்காத தூரத்து நிலையங்கள் இருட்டியதும் கேட்பது ஏன் என்று அவனே கேட்டான். பகல் வெயிலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் காற்றிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து ஓர் அடுக்காகின்றன. அயனி மண்டலத்தின் அடித்தட்டான அந்த 'டி' அடுக்கு ரேடியோ அலையை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அது பெரும்பாலும் கரைந்துவிடும். அப்போது அலை மேலடுக்குகளில் பட்டுத் திரும்பி, தூரத்து ஊர்களிலும் கேட்கும்.

இதை ஆராய்வதே ஒரு துறை. பலூன் அவ்வளவு உயரம் போகாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. ராக்கெட் சில நிமிடங்களில் கடந்துவிடும். இரவும் பகலும் விடாமல் பார்க்க ரேடார்தான் கைகொடுக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. 1992-இல் அங்கே நிறுவிய ரேடாரின் அலைவரிசை 1.98 மெகாஹெர்ட்ஸ், மீடியம் வேவ் முடியும் இடத்துக்குச் சற்று மேலே. மேலே அனுப்பும் ரேடியோ துடிப்பு, எலக்ட்ரான் அடர்த்தி ஏறி இறங்கும் இடங்களில் பட்டு மிக மெலிதாகத் திரும்பும். முக்கோணமாக நிற்கும் ஆன்டெனாக்கள் அதைச் சற்று முன்பின்னாகப் பிடிக்கும். அந்த நேர வித்தியாசத்திலிருந்து 80, 90 கிலோமீட்டர் உயரத்துக் காற்று எந்தத் திசையில், என்ன வேகத்தில் வீசுகிறது என்று கணக்கிடலாம். பூமியின் காந்தப் புலம் தரைக்கு இணையாகப் போகும் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது நெல்லைக்குக் கூடுதல் சிறப்பு. 105 கிலோமீட்டர் வாக்கில் பகலில் ஒரு பெரிய மின்னோட்டமே அங்கே ஓடுகிறது. திருப்பதி பக்கம் காதங்கியில் 1024 யாகி ஆன்டெனாக்களோடு 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் இருக்கிறது. திருவனந்தபுரத்து விண்வெளி இயற்பியல் ஆய்வகமும் இதே துறையில் பெயர் பெற்றது.

வழி இதுதான்: அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், பிறகு எம்.எஸ்சி., பிறகு நெட், ஜெஸ்ட், கேட் போன்ற தேர்வுகள் வழியாக ஆராய்ச்சி. நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. இளங்கலைக்கு ஆகும் செலவை உங்கள் வீட்டு வருமானமே தாங்கும்.

மறைக்காமல் சொல்கிறேன்: பாதை நீளம், பத்து வருடமாவது பிடிக்கும். நிரந்தர விஞ்ஞானிப் பதவிகள் குறைவு. அதனால் முதல் வருடத்திலிருந்தே பைத்தானும் சிக்னல் பிராசசிங்கும் பழகச் சொல்லுங்கள். ரேடார் தரவைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனுக்கு வானிலை ரேடார், பாதுகாப்புத் துறை ரேடார் என்று வேறு வாசல்களும் உண்டு. கணிதத்தில் மட்டும் சமரசமே கூடாது.

அட்வான்ஸ் கட்டியிருந்தால் உடனே திருப்பிக் கேளுங்கள். அரசு கல்லூரி விண்ணப்பத்தில் இயற்பியலை முதல் விருப்பமாகப் போடுங்கள், அதையும் அவன் கையாலேயே. உங்கள் அண்ணன் வருத்தப்பட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.