ஐந்து நீளத்துக்கும் 9.80 எப்படி வந்தது?

கேள்வி: ஊட்டியில் பி.எஸ்சி. இயற்பியல் முதல் வருடம் படிக்கிறேன். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். வகுப்பில் நடத்துவது ஒன்றும் ஏறவில்லை, இரண்டு இன்டர்னலிலும் ஃபெயில். லேபில் மட்டும் பிரச்சினை இல்லை. சீனியர் அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிடுவேன். தனி ஊசலில் புவியீர்ப்பு முடுக்கம் ஐந்து நீளத்துக்கும் 9.80 என்றே வந்திருந்தது, மேம் கையெழுத்துப் போட்டுவிட்டார். அம்மா கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் இலை பறிக்கிறார். தம்பி ப்ளஸ் ஒன் சயின்ஸ் குரூப். பேசாமல் பி.ஏ.வுக்கு மாறிவிடவா?

பதில்: தமிழ் மீடியம், ஃபெயில், வேறு பாடம். இந்த மூன்றும் சேர்ந்த கடிதம் ஒவ்வொரு செமஸ்டரிலும் வருகிறது. அதற்கு வழக்கமாகச் சொல்லும் ஆறுதலை நான் சொல்லப் போவதில்லை. "லேபில் மட்டும் பிரச்சினை இல்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, உன் பிரச்சினை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஐந்து நீளத்துக்கும் 9.80 வரவே வராது. ஒரு மீட்டர் ஊசல் நம் ஊரில் 20 அலைவுக்கு ஏறத்தாழ 40.2 விநாடி எடுக்கும். நீளத்தை அலைவுக்காலத்தின், அதாவது ஒருமுறை போய்வர ஆகும் நேரத்தின், வர்க்கத்தால் வகுத்து 39.48-ஆல் (4π²) பெருக்கினால் 9.77. ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரல் 0.2 விநாடி முந்தினாலோ பிந்தினாலோ, 40.0-க்கு 9.87 வரும், 40.4-க்கு 9.68 வரும். மனிதக் கை அளந்த ரீடிங் இப்படித்தான் சிதறும். ஒன்றுகூடச் சிதறாமல் நிற்கிற ஐந்து 9.80, ஊசலைத் தொடாமலே யாரோ எழுதியது. அதை அந்த அக்கா எழுதினாள், அவளைப் பார்த்து நீ எழுதினாய். போதாததற்கு, 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 9.78தான். பக்கத்தில் முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி நிற்கிறதே, அந்தச் சரிவை ஏன் தேடிப் பிடித்தார்கள்? அதன் சாய்வு சுமார் 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. வேறொரு மலையின் கணக்கைப் பார்த்து எழுதியிருந்தால் அது நடந்திருக்குமா?

இலை எடை போடும் நேரத்தில் உன் அம்மாவைப் பார்த்திருப்பாய். சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் கண் தராசு முள்ளைவிட்டு நகராது. 23 கிலோவை 22 என்று எழுதினால் நின்ற இடத்திலேயே கேட்பார். பக்கத்து நிரைக்காரி எடையையே எனக்கும் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு நாளாவது சொல்வாரா? அந்தக் கூலியில் வாங்கிய ரெக்கார்டு நோட்டில் நீ அதைத்தான் செய்திருக்கிறாய், மகளே. வீட்டில் ஒருத்தி அட்டை கடித்த காலோடு நிரையில் நிற்கும்போது, படிக்கப் போன பிள்ளை தன் வேலையைத் தானே செய்தாக வேண்டும். இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

அடுத்த லேப் நாளில் மேமிடம் உண்மையைச் சொல்லி, ஊசலைத் திரும்பச் செய்ய அனுமதி கேள். திட்டுவார், வாங்கிக்கொள். நூலை ஸ்டாண்டில் சும்மா முடிச்சுப் போடாதே. ஆடும்போது முடிச்சு நழுவி நீளம் மாறும். பிளந்த கார்க்குக்கு நடுவே இறுக்கு. நீளம் என்பது கார்க்கின் அடிவிளிம்பிலிருந்து குண்டின் மையம் வரை. குண்டின் விட்டத்தை வெர்னியரில் எடுத்துப் பாதியைச் சேர். கொக்கி இருந்தால் அதையும் சேர். ஒரு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் ஆரத்தை விட்டுவிட்டால் விடை 9.68-க்கு இறங்கிவிடும். பனி நாளில் பருத்தி நூல் ஈரம் குடித்து நீளம் மாறும் என்பதால், ரீடிங் முடிந்த பிறகும் ஒருமுறை அளந்து பார்.

ஐந்து டிகிரிக்கு மேல் இழுக்காதே. 20 டிகிரி இழுத்தால் அலைவுக்காலம் முக்கால் சதவீதம் கூடும், விடை ஒன்றரை சதவீதம் குறையும். குண்டைத் தள்ளாமல் விடு. தள்ளினால் வட்டமடிக்கத் தொடங்கும், அந்த ரீடிங் வீண். ஓரத்தில் குண்டு மெதுவாகத் திரும்புவதால் எந்தக் கணத்தில் திரும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் நடுவில் சாக்பீஸ் கோடு போட்டு, குண்டு அதை ஒரே திசையில் கடக்கும்போது மட்டும் எண்ணு. 60 முதல் 100 சென்டிமீட்டர் வரை பத்துப் பத்தாக ஐந்து நீளம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை. ரீடிங்கை நேராக அப்சர்வேஷன் நோட்டில் பேனாவில் எழுது. தப்பானால் ஒரு கோடு போட்டு அடி, அழிக்காதே. அலைவுக்கால வர்க்கத்துக்கும் நீளத்துக்கும் வரைபடம் போட்டு, கோடு மூலப்புள்ளி வழியாகப் போகவில்லை என்றால், ஆரத்தைச் சேர்க்க மறந்தாயா என்று முதலில் பார்.

இதைக் கையால் செய்தவளுக்குத்தான் வகுப்பில் அலைவுக்காலத்தைப் பீரியட் என்று சொல்லக் கேட்டதும் அந்தக் குண்டு கண்ணில் ஆடும். தியரி ஏறாததற்கு மொழி பாதிக் காரணம்கூட இல்லை. டார்க் என்பது நீ ப்ளஸ் ஒன்னில் படித்த திருப்பு விசை. மொமன்ட் ஆஃப் இனர்ஷியா நிலைமத் திருப்புத்திறன். பழைய தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய். அன்றன்று வந்த சொற்களை இரண்டு பத்தியாக எழுதினால் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். கணக்கில் சூத்திரத்தைத் தேடி ஓடாதே. பொருளைத் தனியாக வரைந்து, அதன்மேல் விழும் விசைகளை அம்பாகப் போட்டு, அச்சைக் குறித்த பிறகுதான் சூத்திரம். தினம் மூன்று கணக்கு, நோட்டை மூடிவைத்து.

பி.ஏ. கேள்வியை ஐந்து நீளத்தையும் நீயே அளந்த பிறகு கேள். அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் நான் தடுக்க மாட்டேன். இப்போது நீ விட நினைப்பது நீ இன்னும் தொடாத ஒரு பாடம்.

இன்னொன்று. தம்பிக்கும் இந்த வருடம் ஊசல் பாடம் உண்டு. மூத்தவள் படித்தது இளையவனுக்குப் போய்ச் சேர வேண்டும். அது உன் கடமை, தயவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் கம்பியில் நூல் கட்டி ஓர் இரும்பு நட்டைத் தொங்கவிடு. அவன் எண்ணட்டும், நீ ஃபோனில் நேரம் பார். பத்தைத் தாண்டி 10.8 வந்தால் பயப்படாதே. வாட்சை அழுத்தும்போதே "ஒன்று" என்று தொடங்கியிருப்பான், 19 அலைவை 20 என்று எண்ணியிருப்பீர்கள். "பூஜ்யம்" என்று தொடங்கச் சொல்.