பிறையின் கொம்பு

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் அப்பா அம்மாவுடன் இருக்கிறேன். அப்பா சாவகச்சேரிக்காரர், மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் ‘நாசா எடுத்த படம்’ என்று எதையாவது போடுவார். திருநள்ளாறுக்கு மேலே செயற்கைக்கோள் மூன்று வினாடி நிற்கிறதாம், வடதுருவத்தில் நிலவு வானத்தையே அடைத்துக்கொண்டு தெரிகிறதாம். போன வாரம் வந்த படத்தில் கொழும்புக் கடற்கரையான காலிமுகத்திடலில் சூரியன் பாதி மறைந்திருக்கிறது. அதன் மேலே பிரமாண்டமான பிறை, பிறைக்குள் ஒரு நட்சத்திரம். நான் ‘போலி’ என்று எழுதி, போலிப் படங்கள் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையின் லிங்கையும் போட்டேன். மச்சான்மார் சிரிப்புக் குறி போட்டார்கள். அன்றிலிருந்து அப்பா குழுவில் எதுவும் போடுவதில்லை, என்னோடும் சரியாகக் கதைப்பதில்லை. ஏஐ வந்த பிறகு இந்தப் படங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? நல்ல செயலி ஏதும் உண்டா? நாசாவே நிறம் பூசித்தானே வெளியிடுகிறது, பிறகு எதை நம்புவது? பள்ளிக்கூடத்தில் இதை ஒரு பாடமாக வைக்க வேண்டாமா?

ம.

அன்புள்ள ம.,

அதே பிறைப் படம் எனக்கும் வந்தது. அனுப்பியவர்களில் ஒருவர் பௌதிகம் படிப்பித்தவர். அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது, அதனால் பதில் கொஞ்சம் சூடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயலி எதுவும் எனக்குத் தெரியாது, தேடவும் போவதில்லை. பள்ளிப் பாடம் வைத்தால் அதையும் பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வார்கள், விடுங்கள். நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்தீர்களா? போலி என்று முடிவு கட்டியதைச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். அதில் என்ன பிழை என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லையே.

நான் சொல்கிறேன். அந்தப் பிறை நட்டுக்குத்தாக நின்றது. கொம்பு இரண்டும் பக்கவாட்டில். நிலவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, சூரியன் இருக்கும் பக்கம்தான் ஒளிரும். எனவே பிறையின் வயிறு எப்போதும் சூரியனை நோக்கியும், கொம்புகள் அதற்கு எதிர்ப்பக்கமாகவும் இருக்கும். படத்தில் சூரியன் நேர் கீழே கடலில் கிடக்கிறது. அப்படியானால் வயிறு கீழே, கொம்பு மேலே இருக்க வேண்டும். கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகை கூட இல்லை. இங்கே சூரியனும் அதன் பின்னால் போகும் நிலவும் கடலுக்குள் ஏறக்குறைய நேராக இறங்குகின்றன. அதனால்தான் நம் ஊரில் மாலைப் பிறை வள்ளம் போலக் கிடக்கிறது. மாதத்துக்கு மாதம் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். நட்டுக்குத்தான பிறை லண்டன் பக்கத்துப் பிறை. வாழ்த்து அட்டைகளிலும் கார்ட்டூன்களிலும் வருவது அதுதான். அவற்றைத் தின்று வளர்ந்த இயந்திரத்திடம் காலிமுகத்திடலைக் கேட்டால், ஊரை நம்முடையதாகவும் நிலவை அவர்களுடையதாகவும் போட்டுத் தருகிறது.

நட்சத்திரத்துக்கு வருவோம். பிறையின் இரண்டு கொம்புகளுக்கும் நடுவே இருப்பது வெற்று வானம் அல்ல, நிலவின் இருட்டான உடம்பு. தெளிவான மாலையில் அது மங்கலாகத் தெரியவும் செய்யும், பூமியிலிருந்து போகும் வெளிச்சம் அதன் மேல் படுவதால். அங்கே ஒரு நட்சத்திரம் தெரிய வேண்டுமானால் அது நிலவுக்கும் நமக்கும் இடையில், 3,84,000 கிலோமீற்றருக்குள் எங்கேயோ வந்து நிற்க வேண்டும். வந்தால் நாம் வட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம்.

அப்புறம் பருமன். கையை நீட்டிச் சுண்டு விரலைப் பிடியுங்கள், முழு நிலவு அதன் பின்னால் மறைந்துவிடும். சூரியனும் அதே அளவுதான். சூரியன் குறுக்களவில் நிலவைவிட ஏறக்குறைய 400 மடங்கு பெரிது, தூரமும் ஏறக்குறைய 400 மடங்கு, கணக்குச் சரியாகிவிடுகிறது. சூப்பர் மூன் என்று ஆர்ப்பாட்டம் செய்கிறார்களே, அது மிகத் தூரத்தில் இருக்கும் முழு நிலவைவிட 14 சதவீதம் அளவுதான் பெரிதாகத் தெரியும். தூரப் பார்வை லென்ஸ் போட்டால் நிலவைக் கட்டடத்துக்குப் பின்னால் பெரிதாகக் காட்டலாம், அது நேர்மையான படம். ஆனால் லென்ஸ் சூரியனையும் கூடவே பெரிதாக்கும். ஒன்றை மட்டும் ஊத முடியாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. காலிமுகத்திடல் கடலில் சூரியன் மறையும்போது அதன் மேலே முழு நிலவு நிற்கும் படமும் சுற்றுகிறது. மாதாமாதம் முழு நிலவு நாளான போயாவுக்கு லீவு எடுக்கும் நாடு இது! முழு நிலவு சூரியன் மறையும் நேரத்தில் எதிர்த்திசையில், கிழக்கே எழும்பும். அதைப் பார்க்கக் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எந்தச் செயலி வேண்டும்?

உங்கள் அப்பா சாவகச்சேரி என்று எழுதியதை வாசித்ததும் எனக்குக் கிளாலி ஞாபகம் வந்துவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். ஆனையிறவாலும் போக முடியாது, பூநகரியாலும் போக முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியே வர கிளாலிக் கடல்நீரேரிதான், அதுவும் இரவில் வள்ளத்தில். கரண்ட் இல்லாத காலம், ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விளக்கு. எங்கள் வீட்டில் பயணம் என்ற பேச்சு வந்தால் முதலில் எழும் கேள்வி ‘எத்தனையாம் பிறை?’ என்பதுதான். வளர்பிறைத் தொடக்கத்தில் நிலவு சீக்கிரம் விழுந்துவிடும், பிறகு இருட்டு. முழு நிலவு கழிந்தால் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி எழும்பும், முன்னிரவு இருட்டு. வெளிச்சத்தில் தண்ணீரில் வள்ளம் தெரிந்தால் சுடுவார்கள் என்ற பயம். அம்மா ஒரு பஞ்சாங்கமும் இல்லாமல் விரல் மடித்து எண்ணுவார். நான் சின்னப் பெடியன், கரையில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். நிலவு விழட்டும், நிலவு விழட்டும் என்று பெரியவர்கள் முணுமுணுத்தது கேட்டது. நிலவை அப்படி வெறுத்த கூட்டத்தை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சியில் அந்தக் காலத்தைக் கடந்த மனிதருக்குப் பிறை எப்படிக் கிடக்கும் என்று தெரியாமல் இருக்காது தம்பி. போனில் பார்க்கும்போது அந்தக் கண்ணால் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ‘அப்பா, இந்தப் பிறையின் கொம்பு ஏன் இப்படி நிற்குது?’ என்று நீங்கள் கேட்டிருந்தால் அவரே படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார். நீங்கள் என்ன செய்தீர்கள்? சொந்தக்காரர் எல்லோர் முன்னாலும் ‘போலி’ என்று ஒற்றைச் சொல், ஓர் ஆங்கில லிங்க். உங்கள் மச்சான்மார் அந்த லிங்கைத் திறந்து வாசித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அவர்கள் நாசாவை நம்பியும் சிரிக்கவில்லை, விஞ்ஞானத்தை நம்பியும் சிரிக்கவில்லை. கிழவர் மாட்டிக்கொண்டார் என்று சிரித்தார்கள்.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2022இல் பிரான்ஸின் பௌதிகவியலாளர் எத்தியென் க்ளைன் ஒரு செந்நிற வட்டத்தின் படத்தைப் போட்டு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த, சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டோரி என்றார். உலகமே வியந்தது. அது வெட்டிய இறைச்சிச் சோசேஜ் துண்டு. பகிடி என்று பிறகு மன்னிப்புக் கேட்டார். வடதுருவ நிலவும் 2006இல் ஒரு ஜெர்மன் பெண் கணினியில் செய்த கற்பனைக் காட்சி. அவர் யாரையும் ஏமாற்றவில்லை, கீழே வரி எழுதியவன்தான் ஏமாற்றினான்.

திருநள்ளாறு பற்றி ஒரே பேச்சு. தாழப் பறக்கும் செயற்கைக்கோள் வினாடிக்கு 7 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது, நின்றால் விழும். நிற்பது போலத் தெரிபவை பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருப்பவை. திருநள்ளாறு அந்த ரேகையில் இல்லை. அப்படிப்பட்ட கோள்களால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதிய விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் பிற்காலம் முழுக்க வாழ்ந்து 2008இல் காலமானது இதே கொழும்பில்.

நாசா நிறம் பூசுகிறது, எனவே எல்லாம் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் உங்களை நன்றாக ஏச வேண்டும். கை முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறார்கள், உங்கள் கை கறுப்பு வெள்ளை இல்லை என்பதற்காக அது போலியா? ஜேம்ஸ் வெப் பெரும்பாலும் பார்ப்பது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை. நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகியதற்கு நீலம் என்று ஒழுங்காக மாற்றித் தருகிறார்கள். எந்த வடிகட்டிக்கு எந்த நிறம் என்று எழுதியும் வைக்கிறார்கள். ஹபிள் தொலைநோக்கியின் புகழ்பெற்ற 1995ஆம் ஆண்டு வாயுத் தூண்கள் படத்தில் கந்தகம் சிவப்பு, ஐதரசன் பச்சை, ஒட்சிசன் நீலம். வேண்டுமானால் மூலத் தரவை இறக்கி நீங்களே வேறு நிறத்தில் செய்து பார்க்கலாம். காலிமுகத்திடல் பிறைக்கு மூலத் தரவு யாரிடம் இருக்கிறது?

சரி, குழுவில் நீங்கள் எழுதிய அந்த ஒற்றைச் சொல்லை அழியுங்கள். மச்சான்மாருக்கு என்ன சொல்வது என்பது உங்கள் பாடு. அடுத்த அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், மழை இல்லாவிட்டால் அப்பாவை வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள், ரயில் பாதையைக் கடக்கும்போது கவனம். படத்தையும் போனில் கொண்டு போங்கள். கொம்பு பற்றி நான் சொன்னதை அவர் ஒத்துக்கொள்கிறாரா, இல்லை சண்டைக்கு வருகிறாரா என்று எனக்கு எழுதுங்கள். கிளாலியை எந்த மாதம், எத்தனையாம் பிறையில் கடந்தார் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.