மன்னரைப் போர்க்களத்தில் இழந்த பிறகும் சுவீடன் வல்லரசாக நீடித்தது எப்படி?

கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் பேரரசருக்கும் புராட்டஸ்டன்ட் அரசுகளுக்கும் இடையே ஜெர்மன் மண்ணில் நடந்த முப்பதாண்டுப் போரின் (1618–1648) நடுவே, 1632ஆம் ஆண்டில், மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் கொல்லப்பட்ட பிறகும் சுவீடன் மேலும் 16 ஆண்டுகள் போரிட்டு, வென்றவர்கள் வரிசையில் நின்றது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த மன்னரின் பெருமை மிகைப்படுத்தப்பட்டதா என்ற துணைக் கேள்வியையும் சேர்த்திருக்கிறீர்கள். சுவீடன் வரலாற்றை நெடுநாளாக ஆர்வத்துடன் வாசித்து வருபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். மன்னர் இல்லாத நாளிலும் இயங்கக்கூடிய ஓர் அரசு இயந்திரத்தை, மன்னர் இருக்கும்போதே, அவருடைய சான்சலர் (தலைமை அமைச்சர் போன்றவர்) ஆக்செல் ஒக்சென்ஷேர்னா அவருடன் சேர்ந்து இருபது ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தார். அதுதான் முதன்மைக் காரணம். பிரெஞ்சுப் பணமும் நல்ல தளபதிகளும் அடுத்த காரணங்கள். இவற்றுக்கெல்லாம் விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் சொல்லாமல் இந்தப் பதில் நிறைவு பெறாது.

முதலில் அந்த மரணம். 1632 நவம்பர் 16 அன்று, லைப்சிக் நகருக்கு அருகிலுள்ள லுட்சன் என்ற சிற்றூரின் வெளியில் பனிமூட்டம் அடர்ந்திருந்தது. நெருக்கடியில் இருந்த தம் காலாட்படைக்கு உதவக் குதிரைப்படையுடன் விரைந்த மன்னர், கிட்டப்பார்வை உடையவர். புகையும் பனியும் சூழ்ந்த வெளியில் தம் வீரர்களிடமிருந்து பிரிந்து எதிரிகளின் நடுவே போய்ச் சேர்ந்தார். 1627இல் டிர்ஷாவ் என்ற இடத்தில் பாய்ந்த ஒரு குண்டு அவரது தோளருகே உடலுக்குள்ளேயே தங்கிவிட்டதால் இரும்புக் கவசம் அணிவது அவருக்குப் பெரும் வேதனையாக இருந்தது. அதனால் கடமான் தோலால் ஆன தடித்த மேலங்கி ஒன்றையே அணிந்திருந்தார். அவரது உடல் பின்னர் ஆடைகள் உருவப்பட்ட நிலையில் பிணங்களுக்கிடையே கண்டெடுக்கப்பட்டது. அந்தத் தோலங்கி வெற்றிச் சின்னமாக வியன்னாவுக்குப் போயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் செய்யப்பட்ட உதவிகளுக்கு நன்றியாக 1920இல் ஆஸ்திரியா அதைச் சுவீடனுக்குத் திருப்பியளித்தது. இன்று அது ஸ்டாக்ஹோம் அரண்மனையின் ஆயுத அருங்காட்சியகத்தில், குண்டு துளைத்த ஓட்டைகளுடன் காட்சிக்கு இருக்கிறது. (சுவீடன் அன்று பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதால் அங்கே இது நவம்பர் 6ஆம் தேதி நினைவுகூரப்படுகிறது, அன்று மன்னரின் தலையுருவம் பதித்த கேக் சாப்பிடுவது வழக்கம். போரில் மாண்ட ஒருவரை இப்படி நினைவுகூர்வது எனக்கு இன்னும் விசித்திரமாகத்தான் படுகிறது.)

அன்றைய போரில் சக்சே வைமார் பிரபுவான பெர்ன்ஹார்ட் தலைமையேற்றுக் களத்தைக் காத்துவிட்டார் என்றாலும், அரசின் நிலை பரிதாபமாக இருந்தது. வாரிசான கிறிஸ்டினாவுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. அரசி மரியா எலியனோரா துயரத்தில் நிலைகுலைந்து, கணவரின் உடலை அடக்கம் செய்ய 1634 ஜூன் வரை விடவில்லை. ஜெர்மனியில் இருந்த படையில் பெரும்பகுதி கூலிக்கு அமர்த்தப்பட்ட ஜெர்மானியர்கள். சுவீடியர்களும் ஃபின்லாந்தினரும் அதில் சிறுபான்மையினரே. ஃபின்லாந்தையும் சேர்த்து அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 12 லட்சம்தான். வேறு எந்த நாடாக இருந்தாலும் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏன் திரும்பவில்லை என்பதைப் புரிந்துகொள்ள 1611க்குப் போக வேண்டும். குஸ்தாவ் அடால்ஃபின் தந்தை ஒன்பதாம் கார்ல் பிரபுக்களுடன் கடும் பகை வளர்த்தவர். 1600இல் லின்ஷோப்பிங் நகரில் அரசவை உறுப்பினர்களான பிரபுக்களின் தலைகளையே வெட்டச் செய்தவர். அவர் இறந்தபோது மகனுக்கு 17 வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருந்தன. டென்மார்க், ரஷ்யா, போலந்து என மூன்று பக்கமும் பகை. பிரபுக்கள் இந்தத் தருணத்தைப் பயன்படுத்தி, அரசவையின் இசைவும் நாடாளுமன்றத்தில் அமர்ந்த மக்கள் பிரிவுகளின் இசைவும் இன்றிப் புதிய சட்டமோ வரியோ போரோ கூடாது என்ற உறுதிமொழியை இளம் மன்னரிடம் எழுதி வாங்கினார்கள். அதை வரைந்தவர் 28 வயது ஒக்சென்ஷேர்னா. மன்னர் அவரை எதிரியாகக் கருதாமல் 1612 ஜனவரியில் சான்சலராக்கினார். தம் கையைக் கட்டியவரையே தம் வலக்கையாக்கிக் கொண்ட அந்த முடிவுதான், எந்தப் போர்வெற்றியையும்விட, குஸ்தாவ் அடால்ஃபின் அரசியல் கூர்மைக்குச் சான்று என்பேன். உம்மைப் போல எல்லோரும் குளிர்ச்சியாக இருந்தால் நாங்கள் உறைந்துபோவோம் என்று மன்னர் சொன்னதாகவும், என் குளிர்ச்சி இல்லையென்றால் மாமன்னர் எப்போதோ எரிந்து போயிருப்பார் என்று சான்சலர் பதில் சொன்னதாகவும் ஓர் உரையாடல் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இருவரும் எதிர்கொண்ட முதல் சோதனை டென்மார்க்கிடம் அடைந்த தோல்வி. நம் தரங்கம்பாடியில் 1620இல் டேனியர்கள் கோட்டை எழுப்பியபோது டென்மார்க்கை ஆண்ட அதே நான்காம் கிறிஸ்டியன்தான் இங்கும் எதிராளி. 1613இல் க்னேரட் உடன்படிக்கையின்படி, சுவீடனின் ஒரே மேற்குக் கடல்வாசலான எல்ஃப்ஸ்போரி கோட்டையை மீட்க 10 லட்சம் ரிக்ஸ்டாலர் (அன்றைய வெள்ளி நாணயம்) கொடுக்க வேண்டியதாயிற்று. ஏழை நாட்டுக்கு அது மலைக்கத்தக்க தொகை. ஆறு ஆண்டுகளில், 1619க்குள், அதைக் கட்டி முடித்தார்கள். கட்டிய விதம்தான் கவனிக்க வேண்டியது. பண்ணையாள், வேலைக்காரப் பெண் வரை ஊர் ஊராகப் பெயரெழுதித் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தார்கள். ஒவ்வொரு குடியையும் எண்ணி எழுதிவைக்கும் பழக்கம் அரசுக்கு இப்படித்தான் படிந்தது. அந்தப் பழக்கம் பிறகு படைக்கு ஆள் எடுக்கவும் பயன்பட்டது.

ஆள் எடுப்பு முறை எளிமையானது, இரக்கமற்றது. ஒரு தேவாலயத்தைச் சார்ந்த ஊர்களின் ஆண்களைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, பத்தில் ஒருவரைப் படைக்கு அனுப்புவார்கள். உள்ளூர்ப் போதகரின் பதிவேடுகள் இருந்ததால் தப்புவது கடினம். வடக்கே வெஸ்டர்போத்தன் பகுதியில் உள்ள பிக்தியோ என்ற ஊர்த்தொகுதியின் பதிவுகள் அழியாமல் கிடைத்துள்ளன. 1621 முதல் 1639 வரை அங்கிருந்து போனவர்கள் 230 பேர். அவர்களில் 215 பேர் அயல்மண்ணில் மாண்டார்கள். ஐந்து பேர் ஊனமுற்றுத் திரும்பினார்கள். எஞ்சியவர்கள் 1639இல் இன்னும் படையில் இருந்தார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் வாளாலோ குண்டாலோ சாகவில்லை; பிரஷ்யாவிலும் பொமரேனியாவிலும் இருந்த காவல் முகாம்களில் பரவிய நோய்களால் செத்தார்கள். போகப்போக 15, 16 வயதுச் சிறுவர்கள் பட்டியலில் ஏறினார்கள். பண்ணைகளைப் பெண்களே தனியாக நடத்த வேண்டியதாயிற்று. சுவீடனின் எழுச்சியைப் பற்றிப் பேசுபவர்கள் 1631இல் குஸ்தாவ் அடால்ஃப் பெற்ற பிரைட்டன்ஃபெல்ட் வெற்றியைச் சொல்லும் அளவுக்குப் பிக்தியோவைச் சொல்வதில்லை என்பது எனக்கு நீண்டகாலக் குறை.

பணத்துக்கு வருவோம். அக்காலத்தில் ஐரோப்பியச் செம்பில் பெரும்பகுதி ஃபாலுன் சுரங்கத்திலிருந்து வந்தது. லியேஜ் நகரில் பிறந்த லூயி டி கீர் என்ற வணிகர் ஃபின்ஸ்போங்கில் இரும்புப் பீரங்கிகளை வார்த்தார். செம்பு மிகுதியாக இருந்ததால் 1644இல் செம்புத் தகடுகளையே நாணயமாக வெளியிட்டார்கள். பத்து டாலேர் (சுவீடனின் அன்றைய நாணய அலகு) மதிப்புள்ள ஒரு தகட்டின் எடை கிட்டத்தட்ட 20 கிலோ. அதைச் சட்டைப்பையில் போட முடியாது, தலையில் சுமந்துதான் போக வேண்டும்! செம்பைவிட முக்கியமானது சுங்கம். 1629இல் போலந்துடன் செய்த ஆல்ட்மார்க் போர்நிறுத்தத்தால் பிரஷ்யத் துறைமுகங்களின் சுங்க வருவாய் சுவீடனுக்குக் கிடைத்தது. 1631 ஜனவரியில் பேர்வால்டே உடன்படிக்கையின்படி பிரான்ஸ் ஆண்டுக்கு 4 லட்சம் ரிக்ஸ்டாலர் தர ஒப்புக்கொண்டது. மற்றதைப் படை நின்ற மண்ணே கொடுத்தது. தங்கிய ஊரிடம் உணவும் பணமும் கறப்பதுதான் அன்றைய எல்லாப் படைகளின் வழக்கம்.

இந்த நிலையில்தான் லுட்சன் செய்தி ஒக்சென்ஷேர்னாவுக்கு வந்தது. 1626 முதல் அவர் கடல் கடந்து பிரஷ்யாவிலும் பிறகு ஜெர்மனியிலும் அரசின் வேலைகளைக் கவனித்துவந்தார். வாழ்நாளில் இரண்டே இரவுகள்தான் தூக்கம் கெட்டதாகவும், அவற்றில் முதலாவது இது என்றும் அவர் சொன்னதாகக் கூறுவார்கள். அடுத்த ஏப்ரலில் தென்மேற்கு ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் அரசுகளை ஹைல்பிரான் கூட்டணியாகத் திரட்டித் தாமே அதன் இயக்குநரானார். தாயகத்தை ஆளும் முறைக்கும் அங்கிருந்தே வரைவு அனுப்பினார். மறைந்த மன்னரின் விருப்பம் இதுவே என்ற குறிப்புடன். 1634 ஜூலையில் நாடாளுமன்றம் ஏற்ற அந்த ஆட்சி அமைப்பின்படி நீதி, போர், கடற்படை, சான்சலரி (சான்சலரின் அலுவலகம்), கருவூலம் என ஐந்து துறைகள், ஒவ்வொன்றுக்கும் தலைவராக ஓர் உயர் அதிகாரி, அவருக்குக் கீழே கூடி முடிவெடுக்கும் குழு; மாநிலங்களுக்கு ஆளுநர்கள். அரசி வயதுக்கு வரும் வரை அந்த ஐவரே ஆட்சிப் பொறுப்பாளர்கள். ஐவரில் மூவர் ஒக்சென்ஷேர்னா குடும்பம்: சான்சலர், அவருடைய தம்பி, ஒன்றுவிட்ட சகோதரர். குடும்ப ஆட்சி என்று எதிரிகள் முணுமுணுத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒருவர் இறந்தாலும் அலுவலகம் அடுத்த நாள் திறக்கும் என்ற ஏற்பாடு அன்றைய ஐரோப்பாவில் அரிது. 1636இல் அஞ்சல் சேவையும் தொடங்கியது.

இரண்டாவது தூக்கம் கெட்ட இரவு 1634 செப்டம்பரில் வந்தது. நோர்ட்லிங்கன் போரில் சுவீடியப் படை நொறுங்கியது. தளபதி குஸ்தாவ் ஹூர்ன், சான்சலரின் மருமகன், சிறைப்பட்டார். ஹைல்பிரான் கூட்டணி கலைந்தது. 1635 மே மாதத்தில் சக்சனி பேரரசருடன் பிராக் நகரில் சமாதானம் செய்துகொள்ள, மற்ற ஜெர்மன் அரசுகள் ஒவ்வொன்றாக அதன் பின்னே போயின. அதே ஆண்டு செப்டம்பரில் போலந்துடனான போர்நிறுத்தத்தை நீட்டிக்க பிரஷ்யச் சுங்கத்தையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. சம்பளப் பாக்கிக்காகச் சுவீடனின் சொந்தப் படை அதிகாரிகளே மாக்டபுர்க் அருகில் சான்சலரைப் பிணைக்கைதி போல முகாமில் நிறுத்திவைத்தார்கள். வாக்குறுதிகளில் கையெழுத்திட்ட பிறகுதான் அவர் வெளியேற முடிந்தது. ஐரோப்பாவின் மிகத் திறமையான நிர்வாகி கடன்காரர்கள் நடுவே மாட்டிக்கொண்டு நின்ற இந்தக் காட்சியைச் சேர்த்துப் பார்த்தால்தான் அவரைப் பற்றிய மதிப்பீடு நியாயமாக இருக்கும். 1636 அக்டோபரில் சுவீடியத் தளபதி யோஹான் பனேர் விட்ஸ்டாக்கில் பெற்ற வெற்றி சுவீடனுக்கு மூச்சுவிட இடம் தந்தது. 1638இல் ஹாம்பர்கில் பிரான்சுடனான உடன்படிக்கை மீண்டும் உறுதியாயிற்று. இங்கே அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. பேரரசரை வீழ்த்த பிரான்சின் முதன்மை அமைச்சர் ரிஷலியூவுக்குச் சுவீடன் தேவைப்பட்டது. அந்தத் தேவை இல்லாதிருந்தால் எவ்வளவு சீரான கருவூலமும் தாக்குப்பிடித்திருக்காது.

1636இல் தாயகம் திரும்பிய சான்சலர், குழந்தை அரசிக்கு ஆட்சிக்கலையைத் தாமே கற்பித்தார். 1643இல் அவர் எடுத்த முடிவு அவருடைய குணத்தை நன்றாகக் காட்டுகிறது. மொராவியாவில் இருந்த தளபதி லென்னார்ட் டோர்ஸ்டென்சனுக்கு ஒரு ரகசிய ஆணை போயிற்று. மூட்டுவாதத்தால் முடங்கி, பெரும்பாலும் பல்லக்கிலேயே கொண்டுசெல்லப்பட்ட அந்தத் தளபதி படையுடன் ஜெர்மனியைக் குறுக்கே கடந்து, டிசம்பரில், போர் அறிவிப்பே இல்லாமல் டென்மார்க்கின் தெற்கு வாசலான ஹோல்ஸ்டைனுக்குள் நுழைந்தார். 1645இல் பிரேம்ஸ்பரூ உடன்படிக்கையை ஒக்சென்ஷேர்னா நேரில் பேசி முடித்தார்: கோட்லாந்தும் ஓசல் தீவும் யெம்ட்லாந்தும் ஹெர்யேதாலனும் சுவீடனுக்கு, ஹாலண்ட் மாநிலம் (நெதர்லாந்தின் ஹாலந்து அல்ல) 30 ஆண்டுகளுக்குப் பிணையாக. எல்ஃப்ஸ்போரி மீட்புத்தொகைக்கு 32 ஆண்டுகள் கழித்து வட்டியும் முதலுமாக வசூல்.

1648 ஜூலையில், சமாதானப் பேச்சு முடியும் தறுவாயில், சுவீடியத் தளபதி கோனிக்ஸ்மார்க்கின் படை பிராக் நகரின் ஒரு பகுதியைக் கைப்பற்றிப் பேரரசர் கோட்டையின் கலைச்செல்வங்களை வாரிக்கொண்டு போனது. பிசாசின் விவிலியம் என்று பெயர்பெற்ற, 75 கிலோ எடையுள்ள கையெழுத்துப் பிரதி இன்றும் ஸ்டாக்ஹோம் தேசிய நூலகத்தில்தான் இருக்கிறது. அக்டோபரில் ஓஸ்னாப்ரூக் உடன்படிக்கை மேற்குப் பொமரேனியா, விஸ்மார், பிரேமன், வெர்டன் ஆகியவற்றைச் சுவீடனுக்கு அளித்தது. படையைக் கலைக்க 50 லட்சம் ரிக்ஸ்டாலரும் ஒதுக்கியது.

இனி உங்கள் துணைக் கேள்வி. மன்னரின் பெருமை மிகையா? போர்க்கள மேதை என்ற அளவில் கொஞ்சம் மிகை என்பேன். பனேரும் டோர்ஸ்டென்சனும் அவரிடம் பயின்று அவர் இல்லாமலேயே வென்றார்கள். ஆனால் அப்படிப் பயிற்றுவித்ததும், தம்மைக் கட்டுப்படுத்திய சான்சலருக்கு அதிகாரம் கொடுத்ததும் அவர்தான். சுவீடன் வல்லரசாக இருந்த காலத்தின் கடைசி மன்னர் பன்னிரண்டாம் கார்லுடன் அவரை ஒப்பிட்டால் இது புலப்படும். கார்ல் முடிவுகளைத் தம் கையிலேயே வைத்திருந்தார். 1709இல் பொல்டாவாவில் தோற்று ஐந்து ஆண்டுகள் துருக்கியர் நிலத்தில் இருந்தபோது ஸ்டாக்ஹோமில் எவரும் துணிந்து சமாதானம் பேச முடியவில்லை. 1718இல் நார்வேயின் ஃபிரெட்ரிக்ஸ்ஹால்ட் முற்றுகையில் அவர் தலையில் குண்டு பாய்ந்ததும் படை முற்றுகையை விட்டுத் திரும்பியது. மூன்று ஆண்டுகளுக்குள் பால்டிக் கரையின் கிழக்கு மாகாணங்கள் ரஷ்யாவுக்குப் போய்விட்டன. ஒக்சென்ஷேர்னா 1654 ஆகஸ்டில், கிறிஸ்டினா முடிதுறந்த இரண்டே மாதங்களில், 42 ஆண்டுகள் வகித்த சான்சலர் பதவியிலேயே இறந்தார். அந்தப் பதவிக்கு அவருக்குப் பின் வந்தவர் அவருடைய மகன் எரிக்.