நீல சயின்ஸ் வந்ததும் ஆலை ஏன் திணறுகிறது? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகள் அனைத்தும் ஆலை கட்டும் விளையாட்டுகளில் இயந்திரங்களுக்கு இடம் ஒதுக்குவது பற்றியவை. பெரும்பாலானவை ஃபேக்டோரியோவைச் சார்ந்திருப்பதால், அந்த விளையாட்டின் எண்களைக் கொண்டே விடை எழுதியிருக்கிறேன். அதில் சயின்ஸ் பேக் என்பது ஆராய்ச்சிக்குச் செலவாகும் பொருள்; அசெம்பிளர் என்பது பொருள்களைச் செய்யும் இயந்திரம்; பெல்ட் அவற்றைச் சுமந்து செல்லும் பட்டை; இன்சர்ட்டர் அவற்றை எடுத்து வைக்கும் இயந்திரக் கை.

கேள்வி: சிவப்பு, பச்சை சயின்ஸ் பேக்குகள் வரை என் ஆலை ஒழுங்காக ஓடியது. நீலத்துக்கு வந்ததும் எதை வைக்கவும் இடமில்லை. பெல்ட்டுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் இடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா?

பதில்: இடிக்க வேண்டாம். உங்கள் ஆலை மோசமானது என்பதால் இந்த நெரிசல் வரவில்லை. நீல பேக் கேட்கும் இயந்திரங்களின் எண்ணிக்கை முந்தைய இரண்டையும்விடப் பல மடங்கு பெரியது என்பதை விளையாட்டு முன்கூட்டியே சொல்வதில்லை என்பதால்தான் வந்தது. நிமிடத்துக்கு 45 பேக் என்ற இலக்கை எடுத்துக்கொண்டு, 0.75 வேகமுடைய இரண்டாம் நிலை அசெம்பிளர்களால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிவப்பு பேக்குக்கு 5 அசெம்பிளர்களும், அவற்றுக்குப் பல்சக்கரம் செய்துதர ஒன்றும் போதும். பச்சை பேக்குக்கு 6 அசெம்பிளர்களும், இன்சர்ட்டரும் பெல்ட்டும் செய்ய இன்னும் சிலவும் வேண்டும். நீலத்துக்கோ பேக்கைச் செய்ய 12, எஞ்சின் செய்ய 10, சிவப்பு சர்க்யூட் செய்ய 9 என்று 31 அசெம்பிளர்கள் தேவைப்படுகின்றன. எஃகு, பிளாஸ்டிக், கந்தகம் ஆகியவற்றுக்கான இடத்தை இன்னும் சேர்க்கவேயில்லை. ஆறு இயந்திரங்களுக்கென்று விட்ட இடத்துக்குப் பக்கத்தில் முப்பத்தொன்றைப் பொருத்த முயன்றால் பெல்ட்டுகள் பின்னிக்கொள்ளத்தான் செய்யும்.

ஆகவே பழைய ஆலையை அப்படியே ஓடவிடுங்கள். பெல்ட், இன்சர்ட்டர், அசெம்பிளர், குழாய் முதலியவற்றைச் செய்து பெட்டிகளில் நிரப்பித் தரும் இடமாக, விளையாடுவோர் மால் என்று அழைக்கும் பகுதியாக அது மாறட்டும். பெட்டியில் எத்தனை அறைகள் நிரம்பலாம் என்பதற்கு மறக்காமல் வரம்பு வையுங்கள். வைக்காவிட்டால் ஒரே பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான இன்சர்ட்டர்கள் குவிந்து, உங்கள் இரும்பெல்லாம் அங்கே முடங்கிவிடும். புதிய ஆலையைச் சற்றுத் தள்ளித் திறந்தவெளியில் தொடங்குங்கள். எதிரிகளின் கூடுகளை அகற்ற வேண்டியிருப்பதைத் தவிர, இந்த விளையாட்டில் நிலத்துக்கு விலை கிடையாது. அப்படியிருந்தும் புதியவர்கள் ஏனோ நிலத்தைத்தான் மிகவும் சிக்கனமாகச் செலவிடுகிறார்கள். ஒரு பகுதியைக் கட்டும்போது அதன் நீளவாக்கில் அதே அளவு வெற்றிடத்தை ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்குவது என் வழக்கம். அந்த வெற்றிடம் வீணாகப் போன ஆலையை நான் இதுவரை கட்டியதில்லை.

கேள்வி: எத்தனை இயந்திரங்கள் வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது? பச்சை சர்க்யூட் எனக்கு எப்போதும் பற்றாக்குறையாகவே இருக்கிறது.

பதில்: கணக்கை விளைபொருளிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். சுரங்கத்தில் எவ்வளவு தாது வருகிறதென்று பார்த்து முன்னோக்கிக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் இறுதியில் எப்போதும் ஏதாவது ஒன்று குறைகிறது.

பச்சை சர்க்யூட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு சர்க்யூட்டுக்கு 1 இரும்புத் தகடும் 3 தாமிரக் கம்பிகளும் தேவை, அசெம்பிளரின் வேகம் 1 என்றால் செய்ய 0.5 விநாடி ஆகும். கம்பிக்கும் அதே 0.5 விநாடிதான், 1 தாமிரத் தகட்டிலிருந்து 2 கம்பிகள் கிடைக்கின்றன. எனவே 2 சர்க்யூட் அசெம்பிளர்களுக்கு 3 கம்பி அசெம்பிளர்கள் என்பது விகிதம். ஒரு மஞ்சள் பெல்ட் விநாடிக்கு 15 பொருள்களைச் சுமக்கும். அந்தப் பெல்ட்டை முழுவதும் பச்சை சர்க்யூட்டால் நிரப்ப வேண்டுமானால், 0.5 வேகமுடைய முதல்நிலை அசெம்பிளர்களில் சர்க்யூட்டுக்கு 15-உம் கம்பிக்கு 23-உம் வேண்டும். அவற்றுக்கு விநாடிக்கு 15 இரும்புத் தகடுகளும் 22.5 தாமிரத் தகடுகளும் போய்ச் சேர வேண்டும். ஒரு கல் உலை 3.2 விநாடிக்கு ஒரு தகடு தருவதால், இரும்புக்கு 48, தாமிரத்துக்கு 72 என்று 120 உலைகள் ஆகின்றன. ஒரே ஒரு பெல்ட் சர்க்யூட்டுக்குப் பின்னால் 120 உலைகள் எரிகின்றன என்பதைத் தாளில் எழுதிப் பார்த்தவருக்கு, தம் ஆலையில் ஏன் எப்போதும் பற்றாக்குறை என்ற கேள்வி மீண்டும் எழாது.

இதே கணக்கில் இடஅமைப்புக்கான இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஒரு பெல்ட் தாமிரம் கம்பியாக மாறினால் இரண்டு பெல்ட்டாகப் பெருகுகிறது. ஆகவே கம்பியைத் தூரத்திலிருந்து கொண்டுவருவது இடத்தையும் பெல்ட்டையும் வீணாக்கும். கம்பி அசெம்பிளரைச் சர்க்யூட் அசெம்பிளருக்கு எதிரில் வைத்து, நடுவில் ஓர் இன்சர்ட்டரால் நேரடியாக மாற்றிவிடுங்கள். பல்சக்கரம் இதற்கு நேர்மாறு: 2 இரும்புத் தகடுகள் 1 சக்கரமாகச் சுருங்குகின்றன. எஃகு அதைவிடவும் சுருங்குகிறது. 5 இரும்புத் தகடுகளுக்கு 1 எஃகுத் தகடுதான். சுருங்கும் பொருளைப் பிறக்கும் இடத்திலேயே செய்து தூரத்துக்கு அனுப்பலாம். பெருகும் பொருளைப் பயன்படும் இடத்தில்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: 48 கல் உலைகளை ஒரே வரிசையில் வைத்திருக்கிறேன். ஆனாலும் தகடு வரும் பெல்ட் பாதிதான் நிறைகிறது, சில உலைகள் வேலையே செய்வதில்லை. எங்கே தவறு?

பதில்: உங்கள் எண்ணிக்கை சரி, வைத்த விதத்தில்தான் தவறு. பெல்ட்டுக்கு இரண்டு தடங்கள் உண்டு. இன்சர்ட்டர் எப்போதும் தனக்கு அப்பாலுள்ள தடத்தில்தான் பொருளை வைக்கும். எல்லா உலைகளும் ஒரே பக்கத்தில் இருந்தால் ஒரு தடம் மட்டுமே நிறையும். அதன் கொள்ளளவு விநாடிக்கு 7.5, அதாவது சரியாக 24 உலைகளின் உற்பத்தி. மீதி 24 உலைகள் தகட்டை வைக்க இடமில்லாமல் காத்து நிற்கின்றன. தகடு வரும் பெல்ட்டை நடுவில் விட்டு, இரு பக்கமும் 24 உலைகளாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு வரிசையின் வெளிப்புறத்திலும் ஒரு தடத்தில் தாதுவும் மறு தடத்தில் நிலக்கரியும் வரும் பெல்ட் ஓடட்டும்; அந்த ஒரு தடத் தாது 24 உலைகளுக்குச் சரியாகப் போதும். நிலக்கரித் தடம் நிரம்பி நின்றுகொண்டே இருப்பதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். 24 உலைகளுக்கு விநாடிக்கு ஏறத்தாழ அரைக் கட்டி நிலக்கரிதான் செலவாகும்.

பின்னாளில் எஃகு உலைக்கு மாறும்போது அதுவும் 2×2 கட்டங்களே கொண்டதால், இந்த அமைப்பைத் தொடாமல் உலையையும் பெல்ட்டையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மின் உலை 3×3 கட்டங்கள் கொண்டது. அதற்கு வரிசையைப் புதிதாகத்தான் அமைக்க வேண்டும்.

பொதுவாகப் பெல்ட்டைப் பார்த்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். பெல்ட் நிரம்பி அசையாமல் நின்றால் குறை அதற்குப் பிந்தைய கட்டத்தில் இருக்கிறது, அல்லது தேவைக்கு மேல் பொருள் இருக்கிறது. இடைவெளி விட்டு ஓடினால் குறை முந்தைய கட்டத்தில் இருக்கிறது. நிரம்பியும் முழு வேகத்தில் ஓடியும் கடைசி இயந்திரத்துக்குப் பொருள் எட்டவில்லையென்றால், பெல்ட்டின் கொள்ளளவே எல்லையாகிவிட்டது. விநாடிக்கு 30 சுமக்கும் சிவப்பு பெல்ட்டைப் போடுங்கள், அல்லது இணையாக இன்னொன்றை ஓட்டுங்கள்.

கேள்வி: முக்கியப் பொருள்களின் பெல்ட்டுகளையெல்லாம் இணையாக ஓடவிடும் மெயின் பஸ் அமைக்கச் சொல்கிறார்கள். நான்கு நான்கு பெல்ட்டுகளாக வைக்க வேண்டும் என்பது வெறும் வழக்கமா, காரணம் உண்டா?

பதில்: காரணம் உண்டு. நிலத்தடியில் செல்லும் மஞ்சள் அண்டர்கிரவுண்ட் பெல்ட் நுழையும் கட்டத்துக்கும் வெளிவரும் கட்டத்துக்கும் நடுவே 4 கட்டங்களை மட்டுமே கடக்கும். நான்கு பெல்ட்டுகளுக்கு மேல் ஒட்டினாற்போல் போட்டால், உள்ளே இருப்பதைப் பிரித்து வெளியே கொண்டுவர வழியில்லாமல் போய்விடும். ஒவ்வொரு நான்குக்கும் பிறகு விடும் 2 கட்டங்கள் பெல்ட்டை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் அண்டர்கிரவுண்டின் வாய்க்கும் பயன்படுகின்றன. முதன்முறையாக ராக்கெட் வரை செல்ல விரும்புகிறவருக்கு மெயின் பஸ்ஸைவிடத் தெளிவான அமைப்பு இல்லை என்றே கருதுகிறேன். அசெம்பிளர்களைப் பஸ்ஸின் ஒரு பக்கத்தில் மட்டும் கட்டுங்கள். மறு பக்கம் திறந்திருந்தால் பின்னர் தேவைப்படும் பெல்ட்டுகளை அங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பிறர் உருவாக்கிய புளூபிரின்ட்டுகளை, அதாவது அப்படியே நகலெடுத்துக் கட்டக்கூடிய ஆலை வரைபடங்களை, பயன்படுத்துவது தவறா?

பதில்: தவறில்லை. ஆனால் ஒரு பகுதியை ஒரு முறையாவது நீங்களே கட்டி ஓடவிட்ட பிறகு பயன்படுத்துங்கள். தாம் கட்டாத ஒன்று நின்றுபோனால் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தவிக்க நேரிடும்.

கேள்வி: நான் விளையாடுவது சாட்டிஸ்ஃபாக்டரி. இந்த யோசனைகள் அதற்கும் பொருந்துமா?

பதில்: கணக்கு முறை அப்படியே பொருந்தும்; அங்கே எல்லாம் நிமிடக் கணக்கு என்பதுதான் வேறுபாடு. முதல்நிலை பெல்ட் நிமிடத்துக்கு 60 பொருள்களைச் சுமக்கும். ஓர் இரும்பு ஸ்மெல்ட்டர் நிமிடத்துக்கு 30 தாதுவை உருக்குவதால், அந்தப் பெல்ட்டுக்கு இரண்டு ஸ்மெல்ட்டர்கள் போதும். பெருகும் பொருள், சுருங்கும் பொருள் என்ற பாகுபாடும் அங்கே உண்டு: ஓர் இரும்புத் தண்டிலிருந்து 4 திருகுகள் பிறப்பதால், திருகைப் பெல்ட்டில் நெடுந்தூரம் அனுப்பாமல் அது தேவைப்படும் இயந்திரத்தின் அருகிலேயே செய்யுங்கள்.

இடஅமைப்பில்தான் பெரிய மாற்றம். அந்த உலகம் முப்பரிமாணமானது. 8 மீட்டர் சதுரமான அடித்தளப் பலகைகளைப் பரப்பி, அவற்றின் மேல் மாடி மாடியாகக் கட்டலாம். இயந்திரங்களை ஒரு தளத்திலும் பெல்ட்டுகளையும் ஸ்ப்ளிட்டர்களையும் அதற்குக் கீழ்த்தளத்திலும் வைத்தால், நடக்க இடமும் கிடைக்கும், எந்தப் பெல்ட் எங்கே போகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். இயந்திரங்களுக்குப் பொருளைச் சம பங்காகப் பிரித்துத் தர வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். ஸ்ப்ளிட்டர்களை ஒரே கோட்டில் அடுக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இயந்திரத்துக்குக் கிளை விட்டால் போதும். முதல் இயந்திரங்கள் வயிறு நிரம்பும் வரை கடைசி இயந்திரம் காத்திருக்கும். அதன் பிறகு, வரும் பொருளின் அளவு சரியாக இருந்தால், எல்லாம் தடையின்றி ஓடும். வரிசையின் முடிவில் இன்னும் இரண்டு இயந்திரங்களைச் சேர்க்கும் அளவுக்குப் பலகைகளை இப்போதே பரப்பி வைத்துவிடுங்கள்.