எல்விஸின் முதல் பதிவு: 1953-ஆ, 1954-ஆ?

மகளின் பள்ளிக் கட்டுரைக்காகத் தேடியபோது அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் பதிவுக்கு இரண்டு ஆண்டுகள் கிடைத்ததாக எழுதியிருந்தீர்கள். இரண்டும் சரிதான். 1953 கோடையில், பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, மெம்பிஸ் நகரில் இசைத் தயாரிப்பாளர் சாம் பிலிப்ஸின் ஒலிப்பதிவு ஸ்டூடியோவுக்குப் போய், கைக்காசைக் கொடுத்து இரண்டு பாடல்களைப் பதிந்துகொண்டார். கடைக்கு வராத ஒற்றைத் தட்டு அது.

1954 ஜூலை 5 இரவு, அதே ஸ்டூடியோவில் கிட்டார் கலைஞர் ஸ்காட்டி மூர், பாஸ் கலைஞர் பில் பிளாக் ஆகியோருடன் முயன்ற பாடல்கள் எதுவும் எடுபடவில்லை. இடைவேளையில் எல்விஸ் விளையாட்டாக ஆர்தர் கிரடப் என்ற பாடகரின் பழைய புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) பாடல் ஒன்றைத் துள்ளலாகப் பாட, பிலிப்ஸ் அதையே பதிவு செய்தார். விற்பனைக்கு வந்த முதல் இசைத்தட்டு அதுதான்.

‘சொந்தச் செலவில் 1953, வெளியீடு 1954’ என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். அவர் பிறந்த ஊர் மெம்பிஸ் அல்ல, டுபெலோ. பலர் அங்கேயும் சறுக்குகிறார்கள்.